வேலியோர ஊமத்தை: மருந்தா, மாட்டுக்கு ஆபத்தா?

கேள்வி: தோட்டத்து வேலி ஓரம் ஊமத்தை அடர்ந்து நிற்கிறது. காய்ந்த இலையைப் புகைத்தால் இரைப்பு தணியும் என்று பெரியவர்கள் சொல்வதால் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். பக்கத்திலேயே தீவனச் சோளம் இருக்கிறது. மாட்டுக்கு ஏதும் ஆகுமா?

பதில்: பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. இந்தப் புகை வைத்தியத்தை 1802இல் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி சென்னையிலிருந்து பிரிட்டனுக்கே கொண்டுபோனார். ஊமத்தை இலை அடைத்த ஆஸ்துமா சிகரெட்டுகள் இருபதாம் நூற்றாண்டிலும் மருந்துக்கடைகளில் கிடைத்தன. ஜப்பானில் ஹனவோகா செய்ஷு 1804இல் ஊமத்தை சேர்ந்த கஷாயத்தால் ஒரு பெண்ணை மயக்கி, மார்பகப் புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தார். அந்த மருந்தைத் தன்மேல் சோதிக்கச் சம்மதித்த அவருடைய மனைவிக்குக் கண்பார்வை போனது என்பார்கள். சித்த மருத்துவத்தில் இலைச்சாறும் துருசும் (மயில்துத்தம்) தேங்காயெண்ணெயும் சேர்ந்த மத்தன் தைலம் இருக்கிறது. ஆறாத புண்ணுக்கு அது வெளிப்பூச்சு மட்டும்தான்.

இரைப்பு தணிவதற்கும் மயக்கத்துக்கும் காரணம் அட்ரோபின், ஸ்கோபோலமின் போன்ற ஆல்கலாய்டுகள், அதாவது செடியிலேயே இருக்கும் வீரியமான சத்துகள். பூச்சிமருந்து அடிக்கும்போது ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சேறியவருக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசியும் அட்ரோபின்தான். ஆனால் அங்கே மில்லிகிராம் கணக்கில், நாடித்துடிப்பைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். செடியில் அந்தக் கணக்கு கிடையாது. ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு செடிகளிலேயே அளவு மாறும், விதையில் நிறையவே இருக்கும். அதனால் புகையும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். இரைப்புக்கு இன்ஹேலர் இருக்கிறது; சில இன்ஹேலர்களில் வரும் இப்ராட்ரோபியம் என்ற மருந்து அட்ரோபினை மாற்றிச் செய்ததுதான்.

சரி, மாட்டுக்கு வருவோம். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் அதே சத்து அசைபோடும் வயிற்றின் அசைவையும் நிறுத்திவிடும். பச்சையாக நிற்கும்போது வாடைக்கும் கசப்புக்கும் மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. சோளத்தோடு சேர்த்து அறுத்து, தட்டை நறுக்கும் இயந்திரத்தில் விட்டுக் கலந்துவிட்டால்தான் வினை. அப்போது மாட்டால் அதை ஒதுக்கித் தின்ன முடியாது. காயவைத்தாலும், காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து சைலேஜ் போட்டாலும் நஞ்சு போகாது. மாடு நிலைகொள்ளாமல் தவிப்பது, கண்மணி அகன்று வெளிச்சத்திலும் சுருங்காமல் இருப்பது, வாய் வறண்டு வயிறு உப்புவது, சாணி போடாதது இவையெல்லாம் அடையாளம். கண்டவுடன் அந்தத் தீவனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எண்ணெய், கஷாயம் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆகவே சோளம் அறுக்கும் முன்பே செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். முள்காய் வெடித்தால் ஒரு காயிலிருந்தே நூற்றுக்கணக்கில் விதை கொட்டும், அது மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் பார்வை மங்கி, தெளிய ஒருநாளுக்கு மேலும் ஆகலாம். காய் பிடித்த செடியை எருக்குழியில் போடாமல் தனியாக ஆழப் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பட்டத்துக்கு எருவோடு நீங்களே வயல் முழுக்க விதைத்த மாதிரி ஆகிவிடும்.