‘காலேஜ்’ என்றால் கௌரவக் குறைச்சலா?

கேள்வி: மகள் +2 முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்.டி. வரை படிக்க ஆசை. இளநிலைக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் இரண்டையும் பெரும்பாலும் இளநிலை அளவில் கற்பிக்கும் சிறு கல்லூரி) உதவித்தொகை போக ஆண்டுக்கு 25,000 டாலர். பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் 58,000. கையில் 40 லட்சம் இருக்கிறது. “காலேஜை யார் மதிப்பார்கள்? வீட்டை அடகு வைத்தாவது யுனிவர்சிட்டிக்கு அனுப்புங்கள்” என்கிறார் மைத்துனர்.

பதில்: தவணையை யார் கட்டுவது என்று மைத்துனர் சொன்னாரா?

டாலரை 85 ரூபாய் என்றே வைப்போம். நான்காண்டுக்குக் கல்லூரி 85 லட்சம், பல்கலைக்கழகம் 1.97 கோடி. சேமிப்பைக் கழித்தால் கடன் 45 லட்சமா, 1.57 கோடியா என்பதுதான் கேள்வி. 11% வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 51,000 அல்லது 1.78 லட்சம். படிக்கும் கால வட்டி தனி. அறிவியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள்; ஆனால் அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும். அந்த ஐந்தாறு வருடமும் தவணை உங்கள் தலையில். சில வங்கிகள் தவணையைத் தள்ளிவைக்கும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

மதிப்பு பற்றி: ஸ்வார்த்மோர், ரீட், கார்ல்டன் போன்ற சிறு கல்லூரிகள், பட்டதாரிகளில் எத்தனை பேர் பிஎச்.டி. முடிக்கிறார்கள் என்ற விகிதத்தில் முன்வரிசை. பிஎச்.டி. சேர்க்கையில் பார்ப்பது ஆய்வு அனுபவமும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும். கல்லூரியில் பிஎச்.டி. மாணவரே இல்லாததால் லேசரைச் சீர்படுத்துவதும் டேட்டா எடுப்பதும் இளநிலை மாணவர்தான். கடிதத்தில் எழுத விஷயம் இருக்கும். முந்நூறு பேர் வகுப்பில் அதற்கு மெனக்கெட வேண்டும். குறையும் உண்டு: மேல்நிலைப் பாடங்கள் குறைவு, சில ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கும்.

முன்பணம் கட்டுமுன் கல்லூரிக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டணம் ஏறினால் உதவித்தொகையும் ஏறுமா? அதில் கடன் ஏதும் கலந்திருக்கிறதா? கோடை ஆய்வு நிதி வெளிநாட்டு மாணவருக்கும் உண்டா? மூன்றாவது முக்கியம். அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப் தரும் கோடை ஆய்வு இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டுமே.

விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுப் பணத்தைக் காட்டினால் போதும். 40 லட்சத்தில் அது அடங்கும். கடனை மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்சிகள் நீட்டும் ‘பிணையில்லா டாலர் கடன்’ வேண்டாம். சம்பளம் உங்களுக்கு ரூபாயில்தானே வருகிறது?