கணினிக்கு மாறும் முன் பதிவேட்டைப் பாருங்கள்: கேள்வி-பதில்

ஆம்பூரில் காலணி மேல்பாகம் தைக்கிறோம். தோல் வரவைக் கிடங்குக் குறிப்பேட்டில் எழுதும் வேலையை நிறுத்திவிட்டு, சலானைப் பார்த்து நேரடியாகக் கணினியில் ஏற்றுகிறோம். வேலை விரைவாக முடிகிறது. இருப்புக் கணக்குதான் உதைக்கிறது. ஏன்?

நீங்கள் நிறுத்திய குறிப்பேட்டில்தான் சரிபார்ப்பும் நடந்திருக்க வேண்டும். கிடங்குக்காரர் கட்டை அவிழ்த்து, தோலின் உட்புறம் முத்திரையிட்ட அளவைச் சலானோடு ஒப்பிட்ட பிறகே எழுதியிருப்பார். இந்த வேலை எந்தப் பொறுப்புப் பட்டியலிலும் இருக்காது. கேட்டால் அவரே, "வந்ததை எழுதினேன், அவ்வளவுதான்" என்பார். அதனால் ஒரு படியை எடுக்கும் முன் அங்கே போய் உட்காருங்கள். எதைப் பார்த்து எழுதுகிறார், எந்த இடத்தில் பேனாவை நிறுத்தி யாரைக் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள். பேனா நிற்கும் இடங்களெல்லாம் புதிய முறையிலும் வேண்டும்.

அலகையும் பாருங்கள். ஒரு சதுர அடி என்பது சுமார் 9.29 சதுர டெசிமீட்டர். உள்ளூர்ச் சலான் ஓர் அலகிலும் ஏற்றுமதி ஆர்டர் இன்னொன்றிலும் இருந்தால், வெறும் எண்ணை ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். அலகுக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

வேலூரில் சிறிய மருத்துவமனை நடத்துகிறோம். புதிய மென்பொருளில் ஒரே நோயாளிக்கு மூன்று எண்கள் வருகின்றன.

எஸ். குமார், குமார் எஸ், குமார் சண்முகம் மூவரும் ஒருவரே என்பது கணினிக்குத் தெரியாது. வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவரின் பெயரோ வரவேற்பில் இருப்பவரின் காதைப் பொறுத்தது! கைபேசி எண்ணை மட்டும் நம்பினால், விடுதிக்காரர் எண்ணில் பத்து நோயாளிகள் இருப்பார்கள். பெயர், பிறந்த ஆண்டு, சொந்த ஊர், கைபேசி எண் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடிய பிறகே புதிய எண் கொடுங்கள். பிறந்த தேதி தெரியாதவருக்கு ஜனவரி 1 என்று போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ‘தெரியாது’ என்று பதிய வழி இருக்கட்டும்.

பதிவுகளை இணைக்கும் உரிமையை வரவேற்பில் கொடுக்காதீர்கள். இரட்டைப் பதிவு தொல்லை. இருவரின் ரத்தப் பிரிவு ஒன்றாகக் கலந்தால் ஆபத்து.

வாலாஜா வாடிக்கையாளர்களின் முகவரியில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது. மொத்தமாகத் திருத்தலாமா?

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது வாலாஜா ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர் திருப்பத்தூருக்கும் போயின. வாடிக்கையாளர் பட்டியலை வட்டம் வாரியாகத் திருத்துங்கள். பிரிவினைக்கு முந்தைய ரசீதுகளில் கை வைக்க வேண்டாம். அன்றைக்கு அந்த முகவரி சரியானதே.

குடியாத்தத்தில் மொத்த வியாபாரம். ஜிஎஸ்டி எண்ணை அடிக்கடி தவறாக ஏற்றுகிறார்கள்.

அந்த எண்ணில் மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாடு 33, சித்தூர்ச் சரக்கு என்றால் 37. கடைசி எழுத்து, முன்னுள்ள 14ஐயும் சரிபார்ப்பதற்கே இருக்கிறது. பதியும்போதே இதைச் சோதிக்கும்படி மென்பொருள்காரரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் பேரம் பேசுங்கள்.