எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு சிபிடி சரிவருமா?

பாலக்கோட்டில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு மனச்சோர்வு. அதற்கு சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை நடக்கிறது. எண்ணங்களைக் குறித்துவரச் சொல்லி ஆலோசகர் கொடுக்கும் தாள் ஒவ்வொரு வாரமும் வெறுமையாகவே போகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். தாளை மாற்றச் சொல்லுங்கள்.

தர்மபுரியில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் இந்தச் சிகிச்சையை உருவாக்கியபோது கவனித்தது, சோர்ந்த மனதில் தானாக ஓடும் எண்ணங்களைத்தான். அவற்றைப் பிடிக்கத் தாள் ஒரு வழி, அவ்வளவே. பேரனின் செல்போனில் பேசிப் பதிந்தாலும் போதும். வயதானவர்களிடம் “கவலை நூற்றுக்கு எத்தனை?” என்றால் விழிப்பார்கள். “முழுக் கவலை ஒரு ரூபாய்னா, உங்க கவலை எத்தனை அணா?” என்று கேட்டால் “பன்னெண்டணா இருக்கும் சார்” என்று உடனே வரும். அடுத்த முறை எட்டணா என்றால் இறங்கியிருக்கிறது.

ஆனால் ஆளுக்கேற்ற சிகிச்சை இதோடு முடிவதில்லை. சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் படபடப்பு வரும் இரண்டு லாரி ஓட்டுநர்களை வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு, ‘ஹார்ட் அட்டாக் வந்துடுச்சு’ என்ற பயம். இதயத்தில் கோளாறில்லை என்று டாக்டர் சொன்னபின், அவரை வேகமாகப் படியேற வைத்து, படபடத்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவர் உடம்புக்கே காட்டுவோம். இன்னொருவர் அங்கே நடந்த விபத்தில் சிக்கியவர், அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை. அவருக்குப் படியேற்றம் எதற்கு? அந்த நினைவோடுதான் வேலை. (தொப்பூர் நிஜமாகவே ஆபத்தான இறக்கம். அங்கே பயப்படுவதையே ‘தவறான எண்ணம்’ என்று திருத்தப் போனால் எந்த ஓட்டுநரும் சிரிப்பார்.)

அம்மாவிடம் நானாக இருந்தால் எண்ணங்களைப் பிறகு பார்த்துக்கொள்வேன். எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று முதலில் கேட்பேன்: மாட்டுக்குத் தீவனம், சந்தை, பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சு. “மனசு சரியானா போறேன்” என்பார். போனால்தான் மனசு கொஞ்சம் அசையும். அதனால் சிறிதாகத் தொடங்குவோம்: இப்போதைக்கு சந்தை வேண்டாம், காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மட்டும், மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். “அம்மாவோட சோர்வு எதனால விடாம இருக்குன்னு நினைக்கிறீங்க?” என்று ஆலோசகரிடம் கேளுங்கள். அம்மாவின் வாழ்க்கையை வைத்துப் பதில் வந்தால் தொடரலாம். மறுபடி அதே தாள் வந்தால் வேறு ஆள் பாருங்கள். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் ஆகும்.

‘செத்துப் போயிடலாம்’ என்கிற மாதிரி அம்மா பேசினால் அடுத்த அமர்வு வரை காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம்.