பதில்: ஹோனாஸ் மதிப்பெண்ணும் ஓராண்டுச் செலவும்

சேலத்தில் மனநலப் பிரிவுக்கு வருபவர்களின் ஹோனாஸ் (HoNOS, மனநலப் பிரச்சினைகளின் தீவிரத்தை அளக்கும் அளவுகோல்) மொத்த மதிப்பெண்ணை வைத்து அடுத்த ஓராண்டுச் செலவைக் கணித்தால், புள்ளியியல் மாதிரி (model) ஆளுக்கு ஆள் செலவில் உள்ள வேறுபாட்டில் 6 சதவீதத்தைத்தான் விளக்குகிறது, எங்கே பிசகு என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய பிசகு இல்லைங்க. இப்படிப்பட்ட அளவுகோல்கள் தனியாகச் செலவைக் கணிப்பதில் பொதுவாகவே சுமார்தான்.

முதலில் மொத்தத்தை விடுங்கள். 12 கேள்விகள், ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை. தற்கொலை முயற்சிக்கு மட்டும் 4 வாங்கியவரும், நான்கு கேள்விகளில் லேசாக 1 வாங்கியவரும் உங்கள் கணக்கில் ஒன்று. செலவில் ஒன்றா? முந்தைய ஆண்டில் எத்தனை நாள் வார்டில் இருந்தார் என்பதைச் சேருங்கள். பெரும்பாலும் அதுதான் அதிகம் சொல்லும்.

செலவு ஒரு பக்கம் நீளும் தரவு (பலருக்குக் குறைவு, சிலருக்கு மிக அதிகம்), அதனால் சாதாரண நேர்கோட்டு மாதிரி வேண்டாம். இப்படி நீளும் தரவுக்குப் பொருந்தும், லாக் இணைப்போடு கூடிய (log link) காமா மாதிரி (gamma model) போடுங்கள். பூஜ்யச் செலவுக்காரர்களை காமா ஏற்காது, அவர்களுக்கு இருபகுதி மாதிரி: முதலில் செலவு உண்டா இல்லையா, பிறகு உண்டென்றால் எவ்வளவு.

அப்புறம், யாருடைய செலவு? ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளிக்கு மாத்திரை இலவசம்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் அவருக்கும் கூட வருபவருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. அதனாலேயே நோய் முற்றியும் வராமல் இருப்பார். உங்கள் தரவில் அவர் மதிப்பெண் அதிகம், செலவு குறைவு! ஊர் தூரத்தையும் ஒரு மாறியாகப் போட்டுப் பாருங்கள்.