தினமும் ஓடியும் தொடை ஏன் பிடிக்கிறது?

கேள்வி: கல்லூரி கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறேன். தினமும் காலையில் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். இருந்தும் 70-வது நிமிடத்துக்கு மேல் கால் கனத்துவிடுகிறது. வேகமெடுத்தால் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்கிறது. இன்னும் அதிகம் ஓட வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, தூரத்தைக் கூட்டாதீர்கள். நடுக்கள வீரர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுவது உண்மைதான். ஆனால் அது ஒரே சீரான ஓட்டம் இல்லையே! கொஞ்சம் நடை, கொஞ்சம் ஜாகிங், திடீரென்று இரண்டு மூன்று விநாடிப் பாய்ச்சல், சட்டென நின்று திரும்புவது என்றுதான் 90 நிமிடமும் போகும். காலையில் நீங்கள் ஓடும் ஓட்டம் உங்கள் கால்களை அதற்குப் பழக்கவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் அந்த ஓட்டத்துக்குப் பதிலாக, 4 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி ஓடுங்கள். பேச வாயெடுத்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் வரக்கூடாது. அப்புறம் 3 நிமிடம் ஜாகிங். இப்படி நான்கு சுற்று. நார்வேயில் இளம் வீரர்களுக்கு 8 வாரம் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. ஆட்டத்தில் அவர்கள் ஓடிய தூரம் கூடியது, ஸ்பிரின்ட்கள் இரட்டிப்பாயின.

தொடைக்கு நான் சொல்வது 'நார்டிக்' பயிற்சி. விரிப்பில் முட்டி போட்டு நிமிர்ந்திருங்கள். பின்னாலிருந்து ஒருவர் உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். இனி மெதுவாக முன்னால் சாயுங்கள். எவ்வளவு நேரம் விழாமல் தாங்குகிறீர்களோ, அவ்வளவும் தொடையின் பின்தசைக்கு வேலை. இனி முடியாது என்றதும் கைகளை ஊன்றி இறங்கி, தரையைத் தள்ளி எழுந்துகொள்ளலாம். என்னிடம் வரும் பிள்ளைகள் இதைச் செய்யும்போது நான் முதலில் கவனிப்பது இடுப்பைத்தான். வலி தாங்காமல் அதை மடக்கிவிடுவார்கள். தோள், இடுப்பு, முட்டி மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால்தான் பலன். பாய்ந்து ஓடும்போது, முன்னால் வீசிய காலை இழுத்து நிறுத்துவது இந்தத் தசைதான். நீண்டுகொண்டே இழுக்க வேண்டியிருப்பதால் அங்கேதான் கிழிகிறது. அந்த வேலைக்கு ஜாகிங் அதைத் தயார்ப்படுத்தாது.

முதல் வாரம் ஒரே நாள், ஐந்து முறை போதும். மறுநாள் வலிக்கும், பயப்பட வேண்டாம். ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் செய்யாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன்: அந்தப் பிடிப்பு விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் இருக்கிறதா? அப்படியானால் இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.