கமான்பட்டை வண்டி வளைவில் அலைந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பழைய அம்பாசடர் நேர்சாலையில் நன்றாகத்தான் ஓடுகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும்போது வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் பின்பக்கம் முதலில் வெளியே தள்ளுகிறது, பிறகு வெட்டி இழுக்கிறது. பின்னால் பக்கத்துக்கொரு கமான்பட்டை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் வளைந்த எஃகுத் தகடு) சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். ஆன்டி ரோல் பாரும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடலாமா?
– மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: பட்டை சேர்க்காதீர்கள். பாரம் ஏற்றும் வண்டிக்கான வைத்தியம் அது. உங்கள் வண்டியில் குறை மோசமாகும், அதற்குக் காரணம் இரண்டு. பின்பக்கம் விறைத்தால் வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் உள்ள எடை குறையும், பிடிமானமும் போகும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பட்டை கூடினால் பின்பக்கம் உயரும். அப்போது பட்டையின் முன் காது (முனையில் போல்ட் மாட்டும் வளையம்) ஆக்சிலைவிட, அதாவது சக்கர அச்சைவிட, மேலே போய்விடும். வண்டி சாயும்போது வெளிப்பக்கப் பட்டை அமுங்கி அந்தச் சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும். உள்பக்கச் சக்கரம் முன்னுக்கு வரும். நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே பின் ஆக்சில் வளைவுக்கு வெளியே திரும்பிக்கொள்கிறது. உயரமான சேக்கிள் (பட்டையின் பின் முனையைப் பாடியோடு இணைக்கும் ஆடும் துண்டு) போட்டு வண்டியைத் தூக்கியவர்களுக்கும் இதே கதிதான்.

‘தள்ளி, பிறகு வெட்டி இழுக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் தேய்ந்த புஷ், அதாவது காதுக்குள் இருக்கும் ரப்பர் உருளை. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்க இந்த வண்டியில் தனி ராட் கிடையாது. அந்த வேலையையும் பட்டைதான் பார்க்கிறது. புஷ் தேய்ந்திருந்தால், அந்த இடைவெளி தீரும்வரை ஆக்சில் சும்மா நகரும், தீர்ந்ததும் பிடிக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒருவரைப் பின் பக்கவாட்டில் கைவைத்து ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சோடு முன் காதையும் சேக்கிளையும் பாருங்கள். பாடி நகரும்போது காது போல்ட்டைச் சுற்றித் தனியாக ஆடினால் வேறு சோதனையே வேண்டாம். அப்படியே முன் காது போல்ட்டிலிருந்து ஆக்சில் ஹவுசிங்வரை இரு பக்கமும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். அளவு ஒத்துவராவிட்டால் ஒரு பக்கம் சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிப்பது) அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கும், அல்லது யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு கட்டுவது) தளர்ந்திருக்கும்.

புஷ் மாற்றும்போது பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே காது போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் பட்டை நிமிரும், ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நாலைந்து தடவை பின்பக்கத்தை அமுக்கிவிட்டுப் பிறகு முறுக்கச் சொல்லுங்கள். யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதாகவே போடுங்கள். நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக ஏற்றி, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-இல் ஒருமுறை திரும்ப முறுக்க வேண்டும்.

முன் காதுக்கு வேண்டுமானால் பாலியூரித்தேன் புஷ் போடலாம். சேக்கிள் பக்கம் ரப்பரே இருக்கட்டும். இரு முனையும் விறைத்தால் பட்டை திருகிக்கொடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர் (குதிப்பை அடக்குவது). நான்கில் ஒன்று கசிந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள். ஷாக்கைச் சாய்வாகப் பொருத்தினால் வேலை குறையும்: செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் முக்கால் பங்கு, 45 டிகிரியில் பாதிதான் சக்கரத்துக்கு வந்துசேரும்.

ஆன்டி ரோல் பார் கடைசி. அதுவும் முன்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்சக்கரம் இழுக்கும் வண்டிக்குப் பின்னால் மட்டும் போட்டால் மழையில் பின்பக்கம் சுழலும். தடிமனிலும் கை நீள வேண்டாம். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 16 மி.மீ.க்குப் பதில் 18 போட்டாலே விறைப்பு சுமார் 60 சதவீதம் கூடிவிடும்.

கேள்வி: என் ஜீப்புக்குப் பின்னால் பேனார்ட் ராட் (ஆக்சிலைப் பக்கவாட்டில் பாடியோடு பிடித்துவைக்கும் கம்பி) போட்டார்கள். பட்டை, புஷ் எல்லாம் புதிது. ஆனாலும் இடப்பக்க வளைவில் ஒரு மாதிரி, வலப்பக்கத்தில் வேறு மாதிரி நிற்கிறது.
– வில்லியனூர் வாசகர்

பதில்: ராட் சாய்வாக இருக்கிறது. வழக்கமான ஆட்களை ஏற்றி, சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். அந்த நிலையில் ராட் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் வளைவின் பக்கவிசை ஒரு திசையில் பாடியைத் தூக்கும், எதிர்த்திசையில் அமுக்கும். நீங்கள் சொல்லும் வித்தியாசம் அதுதான்.

கணக்கும் எளிது. 900 மி.மீ. நீள ராட் மட்டமாக இருந்தால், ஆக்சில் 60 மி.மீ. மேலேறும்போது 2 மி.மீ.தான் பக்கவாட்டில் நகரும். பாடிப் பக்க முனை முன்பே 50 மி.மீ. கீழே இருந்தால் அதே ஏற்றத்தில் 5 மி.மீ.க்கு மேல் போகும். 500 மி.மீ. குட்டை ராட் என்றால் மட்டமாக இருந்தாலும் 3.6. ஆகவே எவ்வளவு நீளம் கிடைக்குமோ அவ்வளவும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரமும் முக்கியம். பட்டை ஒரு மட்டத்தில் பிடிக்க, ராட் வேறொரு மட்டத்தில் பிடித்தால் இரண்டும் சண்டை போடும். ஆக்சிலருகே மெயின் பட்டை இருக்கும் உயரத்தை ஒட்டி ராட்டை வையுங்கள்.

ராட்டைப் பிடிக்கும் பிராக்கெட்டில் போல்ட்டின் இரு பக்கமும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைத் தகடு வளைந்துகொடுக்கும். ஜீப்பில் தனிச் சேசி இருப்பதால் கவலை குறைவு. அம்பாசடரில் அது இல்லை. பாடித் தகட்டில் நேராக வெல்டு வைத்தால் கிழியும், அகலமான தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். ஆக்சில் குழாயில் வெல்டு வைப்பதானால் ஒரே இழுப்பில் வைக்கக் கூடாது, சூட்டில் குழாய் வளையும். பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும்.

முனைகளுக்கு ரப்பர் புஷ் போதும். பந்தயக் கார் பால் ஜாயின்ட் நம் கடலோர உப்புக்கும் மணலுக்கும் தாங்காது.

கேள்வி: தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. பட்டை துருப்பிடிக்காமல் இருக்கப் பழைய என்ஜின் ஆயில் அடிக்கலாமா?
– கடலூர் வாசகர்

பதில்: வேண்டாம். வழிந்துபோய் ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துவிடும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்தபின் பட்டைகளுக்கு இடையில் மட்டும் கிராஃபைட் கிரீஸ் பூசுங்கள். பூசியபின் வண்டி முன்பைவிட அதிகமாகக் குதித்தால் கிரீஸைக் குறை சொல்லாதீர்கள். அதுவரை துருப்பிடித்த பட்டைகளின் உராய்வுதான் ஷாக்கின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஷாக்கை மாற்றுங்கள்.