நன்றாக ஓடத் தெரியாதவர் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய 'கேர்ள்ஸ் ஒன் த ரன்' என்ற பெண்பிள்ளைகளுக்கான ஓட்டத் திட்டத்திலேயே பயிற்றுநர் ஓட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை. அங்கே பல கிழமை பழகிக் கடைசியில் பிள்ளைகள் 5 கிலோமீற்றரை முடிக்கிறார்கள். நடந்து முடித்தாலும் சரிதான்.

இங்கே மட்டக்களப்பில் நான் கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் நாலரைக்குத்தான் தொடங்குவேன், அதற்கு முன் வெயில் விடாது. அலை நனைத்த இறுகிய மணலில் கால் புதையாது, சப்பாத்து இல்லாத பிள்ளைக்கும் குறை தெரியாது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் வருபவளோடு கதைத்துக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் சரியான வேகம்.

நீங்கள் கடைசியாக வருகிற பிள்ளையோடு ஓடுங்கள். என் குழுவில் ஒருத்தி முதல் கிழமை முழுக்கச் சட்டை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். "வேகமா ஓடு" என்று ஒருதரமும் சொல்லவில்லை. "நேற்று அந்தத் தோணிமட்டும் வந்தாய், இன்றைக்குத் தாண்டிட்டாய்" என்றேன். மூன்றாம் கிழமை அவளே கையை நீட்டி, "ரீச்சர், இன்றைக்கு அதுக்கும் அங்கால" என்றாள்.

உடம்பையோ நிறத்தையோ யாரும் கேலி பேச விடாதீர்கள். அப்புறம், தாய்மாரை முதல் நாளே கூப்பிட்டுக் கதையுங்கள். பொழுதுபட முன் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று தெரிந்தால்தான் அனுப்புவார்கள்.